சுடுநீர்ப் பரீட்சை: உயர்நிலைப் பள்ளிக்கு எந்த ஸ்டெம் கிட் தேறும்?

உயர்நிலைப் பள்ளியில் ஸ்டெம் கல்வி (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்துக் கற்பிப்பது) தொடங்கலாம் என்று முடிவானதுமே தலைமை ஆசிரியரின் மேசைக்கு முதலில் வந்து சேர்வது விலைப்பட்டியல்தான். கை அசைக்கும் ரோபோ, கண்ணாடிக் கதவு போட்ட லேப், நூற்றுக்கு மேல் புராஜெக்ட் என்ற வாக்குறுதி எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பொருட்களில் பல இரண்டாம் ஆண்டிலேயே அலமாரிக்குள் பூட்டப்படுகின்றன. தரக்குறைவு அதற்கு அரிதாகத்தான் காரணம். இயற்பியல் ஆசிரியரால் அதைத் தன் சொந்தப் பாடத்துக்குள் கொண்டுபோக முடியாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

அதனால் இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரே பரீட்சை. ஒரு பீக்கரில் 100 மி.லி. சுடுநீர் ஆறுவதை 20 நிமிடம் அளந்து வரைபடமாக்க வேண்டும். வகுப்பில் 40 பேர், கையில் அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, மொத்தம் 90 நிமிடம். வரும் எண்களைக் கணித ஆசிரியர் மறுநாள் தன் வகுப்பில் பயன்படுத்த முடிய வேண்டும். வெளியாள் உதவிக்கு வரக் கூடாது. ரோபோ ஓடுகிறதா என்று கேட்பதைவிட இந்தக் கேள்வி கடினமானது. பள்ளிக்குப் பயன்படுவதும் இதுதான்.

மைக்ரோபிட் வி2: முதலில் வாங்க வேண்டியது

பிரிட்டனில் 2016-இல் சுமார் பத்து லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக பிபிசி முன்னின்று உருவாக்கிய, நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் போர்டு இது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். 25 எல்இடி, இரண்டு பொத்தான், முடுக்கமானி, காந்தமானி, மைக், ஸ்பீக்கர் எல்லாம் போர்டிலேயே இருக்கின்றன. நினைவகம் முதல் பதிப்பில் 16 கிலோபைட், இதில் 128. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. போர்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது முதல் பதிப்பு, வாங்காதீர்கள். அளவீடுகளைப் போர்டுக்குள்ளேயே சேமிக்கும் டேட்டா லாகர் வசதி இரண்டாம் பதிப்பில் மட்டுமே வேலை செய்யும். பள்ளிக்கு இதன் மதிப்பே அந்த வசதியில்தான் இருக்கிறது.

போர்டில் வெப்பநிலை சென்சார் இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. அது இருப்பது பிராசஸர் சிப்புக்குள். காட்டுவது சிப்பின் சூடு. அறையின் வெப்பநிலையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே சொல்லும், தண்ணீருக்குள் முக்கவும் முடியாது. நமக்கு வேண்டியது சூடு ஏறினால் மின்தடை குறையும் 10 கிலோஓம் தெர்மிஸ்டர் ஒன்று, மாறாத தடையுள்ள 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, கிளிப் வயர் நான்கு.

இணைப்பு இப்படி: போர்டின் 3 வோல்ட் வளையத்திலிருந்து தெர்மிஸ்டரின் ஒரு கால். அதன் மறு கால் ரெசிஸ்டரோடு சேரும் இடத்திலிருந்து போர்டின் விளிம்பில் 'பின் 1' எனப்படும் இணைப்பு வளையத்துக்கு ஒரு வயர். ரெசிஸ்டரின் மறுமுனை கிரவுண்டுக்கு. பின் 0-ஐ ஏன் விட்டோம்? ஏதாவது ஒரு குழு ஆர்வத்தில் இசைக் கட்டளை சேர்த்தால் அந்தச் சிக்னல் பின் 0 வழியாகவும் போகும், அளவீடு குழம்பும். கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் மேக்கோட் இணையதளத்தில் நிரல் ஐந்தாறு கட்டைகளுக்கு மேல் போகாது: டேட்டா லாகர் நீட்சியைச் சேர்த்து, 10 விநாடிக்கு ஒரு முறை பின் 1-இன் மதிப்பைப் பதியச் சொன்னால் போதும். 20 நிமிடத்தில் 120 அளவீடு கிடைக்கும்.

கிடைக்கும் எண் டிகிரியில் இருக்காது. 0 முதல் 1023 வரை உள்ள ஏதோ ஒரு எண். அதைக் கண்டு பதறும் ஆசிரியர்கள் அதிகம். ஆனால் பாடம் ஆரம்பிப்பதே அங்கேதான். பரவலாகக் கிடைக்கும் வகைத் தெர்மிஸ்டரில் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 510, 40 டிகிரியில் சுமார் 670, 60 டிகிரியில் சுமார் 820 என்று வரும். முதல் 15 டிகிரிக்கு எண் 160 ஏறுகிறது. அடுத்த 20 டிகிரிக்கு 150-தான். அதாவது இது நேர்கோடு இல்லை. பக்கத்தில் ஒரு கண்ணாடி வெப்பமானியைச் செருகி, 4 நிமிடத்துக்கு ஒரு முறை அதையும் குறித்துக்கொண்டால் ஐந்தாறு அளவுத்திருத்தப் புள்ளிகள் கையில் இருக்கும். அவற்றின் வழியே வளைவு வரைவது கணித வகுப்பு வேலை. குளிர்தல் வேகம் ஏன் போகப் போகக் குறைகிறது என்பது இயற்பியல் வகுப்பு வேலை. ஒரே அட்டவணையை இரண்டு ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். ஸ்டெம் என்ற சொல்லுக்கு நடைமுறைப் பொருள் இதற்கு மேல் அதிகம் இல்லை.

இனி, எங்கெல்லாம் கெடும் என்பது.

போர்டைக் கணினியில் செருகும்போது பின்பக்கத்து ரீசெட் பொத்தானில் விரல் அழுந்தியிருந்தால் மைக்ரோபிட் என்ற பெயருக்குப் பதில் மெயின்டனன்ஸ் என்ற டிரைவ் திறக்கும். நிரல் ஏறாது. போர்டு செத்துவிட்டதாக நினைத்து ஓரம் கட்டிவிடுவார்கள். கழற்றிவிட்டு, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

அடுத்தது கேபிள். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக்கான கம்பிகள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினியோ கண்டுகொள்ளாது. வீட்டிலிருந்து கேபிள் கொண்டுவரச் சொல்லிப் பணம் மிச்சம் பிடிக்கும் யோசனை இங்கேதான் அடி வாங்குகிறது. டேட்டா கேபிளாகப் பார்த்து மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றிலும் வண்ண டேப் சுற்றிவிடுங்கள். டேப் இல்லாத கேபிளுக்கு வகுப்பில் இடமில்லை.

கிளிப்பைச் சாய்வாக மாட்டினால் பெரிய வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பட்டைகளையும் சேர்த்துக் கடிக்கும். போர்டின் விளிம்புக்குச் செங்குத்தாக, வளையத்தின் துளைக்குள் ஒரு பல் இறங்கும்படி மாட்ட வேண்டும். 3 வோல்ட் கிளிப்பும் கிரவுண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டால் பேட்டரி சூடாகும். இதனாலேயே லித்தியம் பேட்டரி வேண்டாம். இரண்டு ஏஏஏ செல் போதும்.

தெர்மிஸ்டரின் வெறும் கால்கள் தண்ணீரில் பட்டால் தண்ணீரும் மின்னோட்டத்தைக் கடத்தும், எண் இருக்க வேண்டியதைவிட உயரும், தண்ணீர் இன்னும் சூடாக இருப்பதுபோல் காட்டும். இரு கால்களுக்கும் தனித்தனியாக, சூடாக்கினால் இறுகும் சுருங்கு குழாய் போட்டு, அடிப்பகுதியைப் பசையால் அடைக்க வேண்டும். உதிரி சேர்த்து 22 தெர்மிஸ்டருக்கு ஒரு மதிய வேலை; அதை வகுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கடைசியாக, கண்ணீர் வரவைக்கும் தவறு: அளவீடு முடிந்த பிறகு கணினியில் செருகி, டிரைவில் உள்ள மை டேட்டா கோப்பைத் திறந்து நகலெடுப்பதற்கு முன் புதிய நிரலை ஏற்றுவது. ஏற்றிய கணத்தில் பழைய அளவீடுகள் எல்லாம் அழிந்துவிடும். முதலில் நகல், பிறகு நிரல் என்று கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். கோப்பில் புதிய அளவீடு தெரியவில்லையென்றால் கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் வரும்.

பரீட்சையில் தேர்ச்சி. குறை சொல்வதென்றால் யுஎஸ்பி வாயைச் சொல்ல வேண்டும்: கேபிளைப் பக்கவாட்டில் இழுத்தால் அது போர்டிலிருந்து பெயர்ந்து வருகிறது. மோட்டார், சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) போன்றவற்றுக்குப் போர்டு தரும் மின்னோட்டம் போதாது என்பதும் உண்மை.

ஆர்டுயினோ ஊனோ: இரண்டாம் ஆண்டுக்கு

2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த போர்டுக் குடும்பம் ஆர்டுயினோ. ஊனோ ஆர்3 இன்னும் பரவலாகப் புழங்குகிறது: 5 வோல்ட், 14 டிஜிட்டல் பின், 6 அனலாக் பின், 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் நினைவகம். மின்னணுவியலை உள்ளபடி கற்க இதற்கு இணையாகப் பள்ளி விலையில் வேறொன்றைச் சொல்வது கடினம். பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயர்களைச் செருகும் துளைப் பலகை), ரெசிஸ்டர், எழுத்து வடிவ நிரல் என மூன்றையும் மாணவர் ஒரே மூச்சில் தொட வேண்டியிருக்கிறது. அதன் பலம் அது. முதலாண்டுக்கு அதுவே பலவீனம்.

சுடுநீர்ப் பரீட்சையில் இது பாதி மதிப்பெண்தான் வாங்குகிறது. அளவீட்டைத் திரையில் வரைபடமாகக் காட்டுகிறது, ஆனால் 20 நிமிடமும் கணினியோடு கட்டிப்போட்டிருக்க வேண்டும். தனியாகச் சேமிக்க உள்ளே இருப்பது 1 கிலோபைட் நிரந்தர நினைவகம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மெமரி கார்டு மாட்யூல் வாங்க வேண்டும். சுடுநீர் பக்கத்தில் 20 கணினிகள் இருப்பதை எந்த லேப் உதவியாளரும் விரும்பமாட்டார்.

நகல் போர்டுகள் மலிவு, பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றில் பல சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்பைப் பயன்படுத்துகின்றன. சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். பள்ளிக் கணினியில் நிறுவும் அனுமதி யாரிடம் இருக்கிறது? அந்த ஆள் வகுப்பு நாளன்று விடுப்பில் இருந்தால்? வாங்குவதற்கு முந்தைய வாரமே ஒரு போர்டை 20 கணினியிலும் செருகிப் பார்த்துவிடுங்கள்.

நிரல் ஏறாமல் சிங்க் ஆகவில்லை என்று பிழைச்செய்தி வந்தால் மூன்று இடம் பார்க்க வேண்டும்: தேர்ந்தெடுத்த யுஎஸ்பி போர்ட் சரியா, போர்டு வகை சரியா, பின் 0, பின் 1 இரண்டில் எதிலாவது வயர் செருகியிருக்கிறதா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. கணினியுடன் பேசும் வழியே அந்த இரண்டு பின்கள்தான்.

நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். உற்று நோக்கினால் வண்ணக் கோட்டில் ஒரு சிறு இடைவெளி தெரியும். அதற்கு அப்பால் மின்சாரம் கிடையாது. பாதிச் சுற்று வேலை செய்து பாதி செய்யாவிட்டால் முதலில் அங்கே ஒரு ஜம்பர் வயர் போட்டுப் பாருங்கள்.

சர்வோ மோட்டாரை 5 வோல்ட் பின்னிலிருந்தே ஓட்டினால் அது திரும்பத் தொடங்கும் கணத்தில் போர்டு ரீசெட் ஆகும். மோட்டார் உறிஞ்சும் மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைக்க வேண்டும். அந்தக் கடைசி வயரை மறப்பதுதான் வழக்கம். கிட்டோடு வரும் 9 வோல்ட் சதுர பேட்டரி மோட்டாருக்கு ஆகாது. உள்தடை அதிகம் என்பதால் சுமை ஏறியதும் படுத்துவிடும். போர்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எல்298என் என்ற மோட்டார் டிரைவரில் மட்டும் சுமார் 2 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4-தான் போய்ச் சேரும். வண்டி நகரவில்லை என்ற புகாரில் பாதி இந்தக் கணக்கில் அடங்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒலி அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரை இந்தப் போர்டோடு வாங்கினால் ஒரு நல்ல இயற்பியல் பாடம் கூடவே வருகிறது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. நிரலில் 343 என்று எழுதிவிட்டு வெயில் காலத்தில் 2 மீட்டர் தூரத்தை அளந்தால் 5 செ.மீ. அளவுக்குக் குறைத்துக் காட்டும். சென்சார் மட்டம் என்று தூக்கிப்போடாமல் ஏன் என்று கேட்கவைக்கும் ஆசிரியர் அமைந்தால் அந்த ஒரு மணி நேரம் கிட்டின் விலைக்குச் சரி. ஒரு எச்சரிக்கை: இந்தச் சென்சாரின் வழக்கமான வகை 5 வோல்ட் சிக்னல் தருவது. 3 வோல்ட் மைக்ரோபிட்டில் நேராகச் செருகாதீர்கள்.

ரோபோ செட், அச்சுப்பொறி, போன்

ரோபோ செட்டுகள் பார்வைக்கு அழகு, நிரலும் எளிது, கட்டுமானப் பொறியியல் பற்றி நன்றாகவே கற்றுத்தருகின்றன. ஆனால் செட் ஒன்றுக்கு ஐந்நூறு சில்லறைப் பாகங்கள். வகுப்பு முடிவில் எண்ணி அடுக்கவே கால் மணி நேரம். விலை காரணமாக ஐந்தாறு செட்தான் வாங்க முடியும், கடைசியில் போட்டிக்குப் போகும் ஆறு பேர் மட்டும் தொடுவார்கள், மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள். நிறுவனம் ஒரு வரிசையை நிறுத்திவிட்டால் செயலிகளின் ஆயுளும் கேள்விக்குறிதான். லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசை 2022 முடிவோடு நின்றது. சுடுநீர்ப் பரீட்சையில் இந்த வகை தோல்வி. முதல் ஆண்டில் வேண்டாம்.

முப்பரிமாண அச்சுப்பொறிக்கு ஒரு கணக்குப் போதும். சாவிக்கொத்து ஒன்று அச்சாக 40 நிமிடம் என்று வையுங்கள். 40 பேருக்கு 1,600 நிமிடம், கிட்டத்தட்ட 27 மணி நேரம், நடுவில் ஒன்றுகூட முதல் அடுக்கில் பெயராமல் இருந்தால். ஆளுக்கொன்று என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, மற்றப் புராஜெக்டுகளுக்குப் பெட்டி, தாங்கி, பிடிமானம் செய்ய ஒரே ஒரு பொறி வைத்துக்கொள்ளலாம். அதையும் இரண்டாம் ஆண்டில். அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை ஈரத்தை உறிஞ்சினால் அச்சில் நூல் நூலாக இழுக்கும். மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

போன்தான் இந்தப் பட்டியலில் உண்மையான லாபம். ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபிபாக்ஸ் என்ற இலவசச் செயலி, போனில் இருக்கும் சென்சார்களை அளவுக் கருவிகளாக்குகிறது. அதன் ஒலி நிறுத்துக்கடிகாரம் கைத்தட்டலில் தொடங்கி அடுத்த கைத்தட்டலில் நிற்கும். இரண்டு போன், 5 மீட்டர் இடைவெளி, இரண்டு பேர்: ஒலியின் வேகத்தை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். சுடுநீரில் மட்டும் போனை முக்க முடியாது.

தலைமை ஆசிரியர் கையில் உள்ளவை

போர்டைத் தேர்வதைக் கடைக்காரரே செய்துவிடுவார். பாடவேளையை அவரால் தர முடியாது. ஒற்றைப் பாடவேளை 45 நிமிடம் என்றால் எடுத்து வைக்க 7, திருப்பி அடுக்க 7, கணினி திறக்க 5, மிச்சம் 26. அதில் சுற்று அமைத்து, நிரல் எழுதி, பிழை கண்டு, அளந்து முடிக்க முடியாது. வாரம் இரண்டு ஒற்றை வகுப்பைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு இரட்டை வகுப்பு மேல். அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பாடவேளையையும் கால அட்டவணையில் பூட்டிவையுங்கள். ஆள் வராத நாளில் பதில் வகுப்புக்கு அனுப்ப முதலில் பறிபோவது அதுதான். பறிபோகாமல் பார்ப்பது உங்கள் கையெழுத்து.

40 பேருக்கு 20 ஜோடி, உதிரியாக 2, ஆக 22 போர்டு. மூன்று பேர் குழு சமாளிக்கலாம். நான்கு என்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், பெரும்பாலும் அதே ஒருவர். கலப்புக் குழுக்களில் வயரைப் பையன் பிடிப்பதும் நோட்டை மாணவி எழுதுவதும் யாரும் சொல்லாமலே நடக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை மணியடித்து வேலையை மாற்றுங்கள்.

எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு, எட்டு வாரம், நான்கு இரட்டை வகுப்பு. முதலாவதில் எல்இடியும் பொத்தானும், இரண்டாவதில் தெர்மிஸ்டர் சுற்றும் ஒரு சோதனை ஓட்டமும், மூன்றாவதில் சுடுநீர், நான்காவதில் மாணவர்களே தேர்ந்த ஒரு அளவீடு. மூன்றாவதற்கு 20 ஜோடிக்கு 2 லிட்டர் சுடுநீர் வேண்டும், 70 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஊற்றுவது பெரியவர் ஒருவர் மட்டும். எட்டாம் வார முடிவில் எத்தனை போர்டு உயிரோடு இருக்கிறது, எத்தனை ஜோடி வரைபடம் கொடுத்தது என்று எண்ணிய பிறகு அடுத்த பிரிவுக்கு ஆர்டர் போடலாம்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: முழுவதையும் முதல் நாளே செலவழித்துவிடுகிறார்கள். நூறில் நாற்பது போர்டுகளுக்கு, இருபத்தைந்து கேபிள், கிளிப், பேட்டரி, தெர்மிஸ்டர் போன்ற தேய்மானப் பொருட்களுக்கு, இருபத்தைந்து ஆசிரியர் பயிற்சி நேரத்துக்கு, பத்து ஆண்டின் நடுவில் எழும் தேவைக்கு. முதலில் காணாமல் போவது ஜம்பர் வயர், அடுத்தது கிளிப். போர்டுகள் நீங்கள் பயப்படுவதைவிட அதிக நாள் தாங்கும். பயிற்சி என்றால் மேடைப் பேச்சு வேண்டாம். ஆசிரியர் தன் கையால் சுற்றை அமைத்து, வேண்டுமென்றே கெடுத்து, மறுபடி சரிசெய்யும் பத்து மணி நேரம் போதும்.

மதிப்பெண்ணை வேலை செய்யும் மாடலுக்குக் கொடுத்தால் விலைக்கு வாங்கிய மாடல்தான் வரும். அளவீட்டு நோட்டுக்குக் கொடுங்கள்: அட்டவணை, வரைபடம், எது தவறியது, ஏன் என்று நினைத்தோம், என்ன மாற்றினோம்.

மொத்தமாக ஒப்படைக்கும் பேக்கேஜ் லேப்

அறை அலங்காரம் முதல் வாரம் இரண்டு நாள் வரும் பயிற்சியாளர் வரை எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் தரும் நிறுவனங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நேரமே இல்லாத பள்ளிக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். இந்த மதிப்பீட்டில் இதற்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண், ஏனென்றால் பயிற்சியாளர் வகுப்பெடுக்கும்போது பள்ளி ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் முடியும் நாளில் திறமையும் வாசல் தாண்டிப் போய்விடும்.

எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். சென்சார் வயர்களின் முனை பொதுவான வகையா, அவர்களிடம் மட்டுமே கிடைக்கும் தனி வகையா. தனி வகை என்றால் ஒரு வயர் அறுந்தாலும் அவர்களைத்தான் தேட வேண்டும். உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக விற்பார்களா, விலைப்பட்டியல் எங்கே. நிரல் எழுதும் செயலிக்கு ஆண்டுச் சந்தா உண்டா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் திறக்குமா. மாணவர்களின் பெயரும் மின்னஞ்சலும் கணக்கு தொடங்கக் கேட்கப்படுகிறதா, அவை எங்கே போகின்றன. முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில் வகுப்பை எடுப்பவர் பள்ளி ஆசிரியராகவும் பக்கத்தில் நிற்பவர் பயிற்சியாளராகவும் மாற வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். விற்பனையாளர் தயங்கினால், செயல்விளக்கத்துக்கு வரும் நாளில் அவரிடம் ஒரு பீக்கர் சுடுநீரைக் கொடுத்து, இது ஆறுவதை உங்கள் கிட்டால் அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள்.